கிணற்றடியில் நோயைத் தேடிய வைத்தியர்

கொலரா கெட்ட காற்றினாலேயே பரவுகிறது என்று வைத்திய உலகம் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்நம்பிக்கையை எதிர்த்து நின்றவர் டாக்டர் ஜோன் ஸ்னோ. அன்பான வாசகர்களே, அவரைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுங்கள்.

1813ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யோர்க் நகரில் ஓர் ஏழைத் தொழிலாளியின் மூத்த மகனாக அவர் பிறந்தார். 14 வயதிலேயே ஒரு வைத்தியரிடம் தொழில் பழகச் சென்றார். சில ஆண்டுகளின் பின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைக் கொலரா வாட்டியபோது அவர்களுக்குச் சிகிச்சை அளித்தார். பின்பு இலண்டனில் மயக்க மருந்து கொடுப்பதில் பெயர்பெற்று, 1853இல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்தின்போதும் பணியாற்றினார்.

அசுத்தமான குடிநீராலேயே கொலரா பரவுகிறது என்று 1849இல் அவர் எழுதியபோது ஏற்றுக்கொண்டவர் சிலரே. 1854 ஆகஸ்ட் இறுதியில் இலண்டனின் சோஹோ பகுதியில் அந்நோய் வெடித்தது. பத்து நாட்களுள் 500 பேருக்கு மேல் மாண்டனர். ஸ்னோ வீடு வீடாகச் சென்று விசாரித்தார். இறந்தோரில் பெரும்பாலானோர் புறோட் வீதியிலிருந்த பொதுக் கிணற்றுப் பம்பின் அருகே வாழ்ந்தவர்கள்.

அவர் தப்பியவர்களைப் பற்றியும் விசாரித்தார் என்பதைக் கவனியுங்கள். அருகிலிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் தங்கியிருந்தும் ஐவரே இறந்தனர். அவர்களுக்கெனத் தனிக் கிணறு இருந்தது. தொலைவிலே, நோயற்ற ஊரொன்றில் வாழ்ந்த விதவை ஒருவரோ, சுவை கருதி அப்பம்பின் நீரையே வரவழைத்துக் குடித்து இறந்தார்.

செப்டெம்பர் 8ஆம் திகதி பம்பின் கைபிடி கழற்றப்பட்டது. அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்ததை ஸ்னோ மறைக்கவில்லை.

அவ்விடத்து அங்கிலிக்கன் உதவிக் குரு ஹென்றி வைற்ஹெட், ஸ்னோவின் கருத்துத் தவறென நிரூபிக்க முனைந்தார். தமக்குப் பழக்கமான குடும்பங்களை மீண்டும் மீண்டும் சந்தித்து விசாரித்தார். ஈற்றில் உண்மை அவரையே ஸ்னோவின் பக்கம் சேர்த்தது. நோயுற்ற ஒரு குழந்தையின் துணிகளைக் கழுவிய நீரைத் தாய் ஊற்றிய மலக்குழி, அக்கிணற்றிலிருந்து 3 அடி தூரத்திலும் இல்லை என்பது வெளியாயிற்று.

ஸ்னோ 1858இல் தமது 45ஆவது வயதில் காலமானார். றொபேட் கொக் கொலராக் கிருமியை இனங்கண்டு உலகுக்கு அறிவித்தது அதற்குக் கால் நூற்றாண்டின் பின்னரே. கிருமியைக் காணாமலேயே, வீட்டுக் கதவுகளைத் தட்டிக் கேட்டு, ஸ்னோ அதன் வழியை அறிந்துவிட்டார். உங்கள் வீட்டுக் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று இன்றே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.