லிப்டன் அமர்ந்த மலைமுகடு

ஹப்புத்தளையிலிருந்து டம்பேதென்னத் தோட்டம் வழியாக லிப்டன் சீட் மலையுச்சிக்கு உங்களில் பலர் சென்றிருப்பீர்கள். தோட்ட உரிமையாளர் சர் தாமஸ் லிப்டன் அங்கே அமர்ந்து தம் தேயிலை மலைகளைக் கண்டு மகிழ்வாராம்.

1848இல் கிளாஸ்கோ நகரின் எளிய குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். பெற்றோருக்குச் சிறு மளிகைக் கடை. இளவயதிலேயே அமெரிக்கா சென்று புகையிலைத் தோட்டத்திலும் நெல்வயலிலும் உழைத்தார். 1871இல் கிளாஸ்கோவில் சொந்தக் கடை திறந்தார். அது நூற்றுக்கணக்கான கடைகளாகப் பெருகியது. 1890இல் இலங்கை வந்து ஊவாவில் தோட்டங்களை வாங்கினார். மணம் புரியவில்லை. வணிகமே அவருடைய வாழ்வு என்று எண்ணத் தோன்றும்.

ஆனால், ஐம்பதைத் தாண்டிய வயதில் கடல் அவரை ஆட்கொண்டது. அமெரிக்கக் கோப்பைப் பாய்மரப் படகுப் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை தம் 'ஷாம்ராக்' படகுகளை இறக்கினார். ஐந்திலும் தோல்வி! அதை அவர் இன்முகத்தோடு ஏற்றதைக் கண்ட அமெரிக்க மக்களே நிதி திரட்டித் தங்கக் கிண்ணம் வழங்கினர். வென்றிருந்தால் அத்துணை அன்பு கிடைத்திருக்குமோ, ஐயமே. மறு ஆண்டு அவர் மறைந்தபோது, செல்வத்தின் பெரும்பகுதி பிறந்த நகருக்கே சென்றது.

எனினும் ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. விடியுமுன் பெரட்டுக்களத்திற்கு ஓடி, அந்தி வரை கொழுந்து பறித்த நம் மூதாதையருக்கு அம்மலையில் இருக்கை ஏது?

கொழுந்துக்கூடை சுமந்து ஓய்ந்த பாட்டி உங்கள் வீட்டில் இருக்கிறாரா? ஒரு ஞாயிறு திருப்பலிக்குப்பின் அவரை அங்கே அழைத்துச் செல்லுங்கள். முச்சக்கர வண்டி உச்சிவரை போகும். படம் எடுத்தவுடன் இறங்கிவிடாமல், அவர் விரும்பும்வரை அமர்ந்திருக்கட்டும்.