வாடகை வசூலிக்கப் போன பெண்: லண்டன் ஏழைகளின் வீடுகளை மாற்றிய ஆக்டேவியா ஹில் யார்?

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மாதத்தின் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். 1865ஆம் ஆண்டின் லண்டனில் ஏழைத் தொழிலாளிகளுக்கு அந்தப் பதற்றம் வாரா வாரம் வந்தது. வாடகை வாரக் கணக்கு. வீடு என்பது பெரும்பாலும் ஒரே ஒரு அறை. அதற்குள் ஒரு முழுக் குடும்பம். கூரை ஒழுகினாலும் சாக்கடை அடைத்தாலும் உரிமையாளர் எட்டிப் பார்க்க மாட்டார். வாடகை வாங்க மட்டும் ஆள் வரும்.

அப்படிப்பட்ட ஒரு சந்துக்குள் கையில் கணக்கு நோட்டோடு நுழைந்தார் ஒரு பெண். அவருக்கு அப்போது 26 வயது. அவர் வந்ததும் வாடகை வசூலிக்கத்தான். ஆனால் வசூலித்த பணத்தில் செலவு போக மிஞ்சியதை அதே வீடுகளுக்கே திருப்பிச் செலவழித்தார். அவர்தான் ஆக்டேவியா ஹில்.

குறைந்த வாடகை வீடுகளை நடத்தும் லாப நோக்கற்ற அமைப்புகள் இன்று உலகின் பல நகரங்களில் இருக்கின்றன. சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் அவற்றின் போர்டில் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். அந்த வேலை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஆரம்பகால முன்மாதிரி ஹில். அதில் எங்கே சறுக்கலாம் என்பதையும் அவர் வாழ்க்கையிலேயே பார்க்கலாம்.

நொடித்துப்போன குடும்பம்

1838 டிசம்பர் 3ஆம் தேதி, இங்கிலாந்தின் விஸ்பெக் என்ற ஊரில் பிறந்தார் ஹில். அப்பா ஜேம்ஸ் ஹில் தானிய வியாபாரி. அவருக்கு இவர் எட்டாவது மகள். ஆக்டேவியா என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது; லத்தீனில் எட்டாவது என்று பொருள்.

ஹில் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பாவின் தொழில் திவாலானது. அவருடைய மனநலமும் பாதிக்கப்பட்டது. அம்மா கரோலின்தான் பிள்ளைகளை வளர்த்தார். அம்மாவின் அப்பா, டாக்டர் சவுத்வுட் ஸ்மித், கைகொடுத்தார். அவர் சாதாரண டாக்டர் இல்லை. அசுத்தமான குடியிருப்புகளுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அரசிடம் விடாமல் பேசிய பொது சுகாதாரப் போராளி. வீடு மோசமாக இருந்தால் உடம்பும் மோசமாகும் என்ற பாடம் ஹில்லுக்குத் தாத்தாவிடமிருந்தே கிடைத்தது.

1852இல் அம்மாவுக்கு லண்டனில் வேலை கிடைத்தது. பெண்களுக்குக் கைத்தொழில் கொடுக்கும் ஒரு கூட்டுறவுக் கூடத்தின் நிர்வாகி வேலை. அங்கே ஏழைக் குழந்தைகள் பொம்மை செய்யும் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஹில்லிடம் வந்தது. அவருக்கே அப்போது பதினான்கு வயதுதான். யாராவது ஒரு குழந்தை வேலைக்கு வராவிட்டால் வீடு தேடிப் போவார். அப்போதுதான் லண்டனின் இருட்டுச் சந்துகளை முதன்முதலில் பார்த்தார்.

750 பவுண்டில் மூன்று வீடுகள்

கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் அன்றைய இங்கிலாந்தில் பெரிய பெயர். அவருக்காக ஓவியங்களைப் பிரதி எடுத்துக் கொடுக்கும் வேலையை ஹில் சில வருடங்கள் செய்துவந்தார். கூடவே சகோதரிகளோடு சேர்ந்து ஒரு பள்ளியும் நடத்தினார். ஏழைகளுக்கு நல்ல வீடு வேண்டும் என்ற தன் திட்டத்தை ரஸ்கினிடம் சொன்னார். 1864இல் ரஸ்கினின் அப்பா இறந்தார். கணிசமான சொத்து ரஸ்கின் கைக்கு வந்தது.

1865இல் மேரில்போன் பகுதியில் மூன்று வீடுகளின் குத்தகையை 750 பவுண்டுக்கு வாங்கினார் ரஸ்கின். மீதமிருந்த குத்தகைக் காலம் 56 வருடங்கள். இடத்தின் பெயர் பாரடைஸ் பிளேஸ், அதாவது சொர்க்கம். நிலைமையோ நேர் எதிர். சுவர்ப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. மாடிப்படிகள் கும்மிருட்டு. படிகளின் மரக் கைப்பிடிகளைக்கூடக் குளிருக்கு விறகாக எரித்துவிட்டிருந்தார்கள்.

ரஸ்கின் ஒரு நிபந்தனை வைத்தார். போட்ட பணத்துக்கு வருடத்துக்கு 5 சதவீதம் வருமானம் வர வேண்டும். ஏழைகளுக்கு உதவும் திட்டத்தில் எதற்கு இந்த வட்டிக் கணக்கு என்று தோன்றலாம். காரணம் இருந்தது. தர்மத்துக்குக் கொடுக்கும் பணம் மூன்று வீடுகளோடு தீர்ந்துவிடும். நியாயமான வருமானம் வரும் என்று காட்டிவிட்டால், மற்றவர்களும் இதே மாதிரி வீடுகள் வாங்கி ஒப்படைக்க முன்வருவார்கள். கணக்கு சரியாகவே வேலை செய்தது. மறுவருடமே ஃப்ரெஷ்வாட்டர் பிளேஸ் என்ற இடத்தில் மேலும் ஐந்து வீடுகளை ரஸ்கின் வாங்கினார். அங்கே குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு மைதானமும் வந்தது.

வாடகை நோட்டு எப்படி வேலை செய்தது?

ஹில்லின் முறை கேட்பதற்கு ரொம்ப சிம்பிளானது.

முதலில் சாக்கடையையும் தண்ணீரையும் சரி செய்வது. ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மற்ற வசதிகள் படிப்படியாகத்தான். ஒரே நாளில் எல்லாவற்றையும் புதிதாக்கிக் கொடுத்தால் ஒட்டுதல் இருக்காது, சீக்கிரமே உடைந்துபோகும் என்பது அவர் எண்ணம்.

அடுத்தது, வாடகையில் பாக்கி வைக்க அனுமதி இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை தன்னார்வப் பெண் ஒருவர் நேரில் வருவார். வாடகை வாங்கும்போதே ஒழுகும் கூரை, வேலை இல்லாத கணவர், காய்ச்சலில் கிடக்கும் குழந்தை எல்லாம் அவர் கண்ணில் படும். தர்மம் கொடுக்க வருபவரிடம் வீட்டுக்காரர்கள் குனிந்து நிற்க வேண்டியிருக்கும். வாடகை வாங்க வருபவரிடம் அந்தச் சங்கடம் இல்லை. கையில் காசு இருக்கிறது. குறையைக் கேட்கும் உரிமையும் இருக்கிறது.

மூன்றாவதுதான் சுவாரசியம். ஒவ்வொரு வீட்டுக்கும் பழுது பார்ப்பதற்கென்று ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. உடைப்பு குறைவாக இருந்து பணம் மிஞ்சினால், அதில் என்ன வசதி செய்யலாம் என்பதைக் குடியிருப்பவர்களே முடிவு செய்யலாம். வேலை இல்லாத காலத்தில் சிறு சிறு பழுது வேலைகள் அங்கேயே இருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. மாடிப்படி கழுவிய சிறுமிகளுக்கும் கூலி உண்டு. ஒரு அறையில் அடைந்து கிடந்த குடும்பம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து இரண்டு அறைகளுக்கு மாறவும் வழி செய்தார்.

1874 வாக்கில் அவர் பொறுப்பில் 15 குடியிருப்புத் திட்டங்களும் சுமார் 3,000 குடியிருப்பவர்களும் இருந்தார்கள். தொடங்கி பத்து வருடம்கூட ஆகவில்லை.

அவர் விழுந்தார், வேலை விழவில்லை

இத்தனையையும் ஒரே ஆள் எப்படிப் பார்த்துக்கொள்ள முடியும்? முடியாது. ஹில்லும் அதை உடம்பு கெட்ட பிறகுதான் முழுமையாகப் புரிந்துகொண்டார்.

1877இல் அடிமேல் அடி விழுந்தது. திருமண நிச்சயம் ஒன்று முறிந்தது. ரஸ்கினோடு மனஸ்தாபம் வந்தது. நடைமுறை விஷயங்களில் ரஸ்கினுக்குத் திறமை போதாது என்கிற மாதிரி ஹில் பேசியதாக அவர் காதுக்குப் போனதுதான் காரணம். கோபமடைந்த ரஸ்கின் இருவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைத் தன் பத்திரிகையிலேயே அச்சிட்டுவிட்டார். இதோடு பல வருட ஓயாத உழைப்பின் களைப்பும் சேர்ந்தது. ஹில் முழுசாக உடைந்துபோனார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளிநாடுகளில் நீண்ட ஓய்வு எடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு தன்னார்வ அமைப்பின் உண்மையான டெஸ்ட் இதுதான். தலைவர் இல்லாதபோது என்ன ஆகிறது?

வீடுகள் தொடர்ந்து நடந்தன. வாரா வாரம் வாடகை நோட்டு போனது, பழுதுகள் பார்க்கப்பட்டன. காரணம், ஹில் முன்பே செய்துவைத்திருந்த ஒரு ஏற்பாடு. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு தன்னார்வலர் பொறுப்பு. அவர் வெறுமனே உத்தரவை நிறைவேற்றும் ஆள் இல்லை. வாடகை, பழுது, குடியிருப்பவர்களின் பிரச்சினை என்று தன் இடத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. எல்லாக் கோப்புகளும் ஒரே மேஜைக்கு வர வேண்டும் என்ற பழக்கமே இல்லை.

அப்படியானால் ஹில்லின் வேலை என்ன? ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி கொடுப்பது, பணம் போடுபவர்களைப் பிடிப்பது, கணக்கு பார்ப்பது. இன்று நல்ல போர்டு தலைவர் ஒருவரிடம் எதிர்பார்ப்பது ஏறக்குறைய இதைத்தான். 1872 முதல் 1911 வரை, சக ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு கடிதம் அச்சிட்டு அனுப்பும் வழக்கம் அவருக்கு இருந்தது. அந்த வருடம் என்ன நடந்தது, நன்கொடையாக வந்த பணம் எங்கே போனது என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும்.

இன்னொரு விஷயத்திலும் அவர் தன்னை மாற்றிக்கொண்டார். 1884இல் இங்கிலாந்து திருச்சபையின் சொத்துகளைக் கவனித்த ஆணையம், சவுத்வார்க் பகுதியில் இருந்த தன் வீடுகளை அவர் நிர்வாகத்தில் விட ஆரம்பித்தது. வேலையின் அளவு கூடியபோது, நல்ல மனசு மட்டும் போதாது, பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்கும் பெண்களும் வேண்டும் என்று முடிவு செய்தார். பெண்களுக்கு வீட்டு நிர்வாகம் ஒரு தொழிலாக மாறியது இப்படித்தான்.

கண்டிப்பின் இன்னொரு பக்கம்

ஹில்லைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் பாதிக் கதைதான்.

வாடகை தொடர்ந்து கட்டாதவர்களையும், அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கொடுப்பவர்களையும் அவர் வெளியேற்றினார். நிலையான வருமானமே இல்லாத, நகரின் மிக ஏழைகள் பலருக்கு இந்த முறையில் இடம் கிடைப்பது கஷ்டம். குடியிருப்பவர் எப்படி வாழ வேண்டும் என்பதை வசதியான வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துச் சொல்வதில் ஒரு மேட்டிமைத்தனமும் இருந்தது. வாடகை நோட்டு உறவை வளர்த்தது என்பது உண்மை. அதே நோட்டு கண்காணிப்பாகவும் இருந்தது என்பதும் உண்மை.

1880களில் லண்டனின் கேத்தரின் பில்டிங்ஸ் என்ற குடியிருப்பில் வாடகை வசூலித்த இளம்பெண் ஒருவர், இப்படித் தனிமனித முயற்சியால் வறுமையைத் தீர்க்க முடியாது என்ற முடிவுக்குப் பின்னாளில் வந்தார். அவர் பீட்ரிஸ் வெப். 1905இல் அமைக்கப்பட்ட ஏழைகள் சட்டம் பற்றிய அரசு ஆணையத்தில் ஹில்லும் அவரும் உறுப்பினர்கள். 1909இல் அறிக்கை வந்தபோது ஹில் பெரும்பான்மை அறிக்கையின் பக்கம்; வெப் தனியாக வந்த சிறுபான்மை அறிக்கையின் பக்கம்.

அரசோ மாநகராட்சியோ வீடு கட்டிக் கொடுப்பதை ஹில் கடைசிவரை விரும்பவில்லை. ஆனால் 1900இலேயே லண்டன் கவுன்டி கவுன்சில் கட்டிய பவுண்டரி எஸ்டேட் திறக்கப்பட்டுவிட்டது. முதியோர் பென்ஷனையும் எதிர்த்தார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்றும் சொன்னார். இத்தனைக்கும், 1884இல் வீட்டுவசதி பற்றிய அரசு ஆணையத்தில் அவரைச் சேர்க்கலாம் என்ற யோசனை, பெண் என்பதால் கைவிடப்பட்டது. சாட்சி சொல்ல மட்டும் அழைத்தார்கள்.

லட்சக்கணக்கான வீடுகள் தேவைப்படும் நகரத்துக்குத் தன்னார்வலர்களால் மட்டும் ஈடுகொடுக்க முடியாது. இந்த விஷயத்தில் காலம் ஹில்லின் பக்கம் நிற்கவில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்

ஏழைகளுக்கு நாலு சுவர் மட்டும் போதாது, மூச்சுவிடத் திறந்த வெளியும் வேண்டும் என்பதில் ஹில் உறுதியாக இருந்தார். 1887இல் சவுத்வார்க்கில் ரெட் கிராஸ் கார்டன் என்ற தோட்டத்தையும், அதன் ஓரத்தில் சிறு வீடுகளையும் உருவாக்கினார். 1895இல் ராபர்ட் ஹன்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகியோருடன் சேர்ந்து நேஷனல் ட்ரஸ்ட் அமைப்பைத் தொடங்கினார். பிரிட்டனின் பாரம்பரிய இடங்களையும் இயற்கை நிலங்களையும் இன்றும் பாதுகாத்து வருவது அதுதான்.

1898இல் நண்பர்கள் சேர்ந்து, ஓவியர் சார்ஜென்ட் வரைந்த அவரது உருவப்படத்தைப் பரிசளித்தார்கள். புகழ்மாலை விழும் நேரத்திலும் ஹில் வேறு விஷயம் பேசினார். தன் முறையை யாரும் அப்படியே காப்பி அடிக்க வேண்டாம், காலம் மாறினால் வழியும் மாற வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. தன் பெயரில் ஒரு சங்கம் உருவாவதையும் அவர் விரும்பவில்லை.

1912 ஆகஸ்ட் 13ஆம் தேதி இறந்தார். மன்னர்களும் மேதைகளும் அடக்கம் செய்யப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் தர முன்வந்தார்கள். குடும்பத்தினர் மறுத்துவிட்டார்கள். அவர் விருப்பப்படி கென்ட் பகுதியின் க்ரோக்கம் ஹில் கிராமத்தில் அடக்கம் நடந்தது.

அவர் பயிற்சி கொடுத்த பெண்களின் வழி வந்தவர்கள் 1916இல் தங்களுக்கென ஒரு தொழில்முறைச் சங்கம் தொடங்கினார்கள். ஆம்ஸ்டர்டாம் முதல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா வரை அவரது முறை பரவியது.

இன்று ஒரு வீட்டுவசதி அமைப்பின் போர்டில் சேர யாராவது கூப்பிட்டால், ஹில்லின் வாழ்க்கையிலிருந்து கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள் இருக்கின்றன. வாடகை கட்டுபவருக்கு முடிவெடுப்பதில் இடம் இருக்கிறதா? நமது விதிமுறைகளால் வாசலிலேயே திரும்பிப் போகிறவர் யார்? நாளைக்கு நாம் படுத்துவிட்டால், அடுத்த வாரம் அந்தச் சந்துக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போக ஆள் இருக்கிறதா?

முதல் கேள்விக்கும் மூன்றாவதுக்கும் ஹில் செயலில் பதில் வைத்திருந்தார். இரண்டாவதுக்கு அவரிடமும் சரியான பதில் இல்லை.