பனிமலை ஏறிய விவேகானந்தர்

1897-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி. பாம்பன் கடற்கரையில் பெருங்கூட்டம். இலங்கையில் இருந்து வந்த சுவாமி விவேகானந்தரை வரவேற்க ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி காத்து நின்றார். சுவாமி ஏறிய வண்டியின் குதிரைகளை அவிழ்த்து விட்டார்கள். மக்களோடு சேர்ந்து மன்னரும் வண்டியை இழுத்தார்!

சிகாகோ சர்வமத மகாசபைக்குப் போகும்படி அவரைத் தூண்டியவர்களில் சேதுபதியும் ஒருவர்.

ராமேசுவரம் கோவிலில் சுவாமி பேசினார். ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே உண்மையான வழிபாடு என்பது அந்தப் பேச்சின் சாரம். அதைக் கேட்ட மன்னர், ஏராளமான ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கினார்.

பனிக் குகை

அடுத்த ஆண்டு சுவாமி காஷ்மீரம் சென்றார். அமர்நாத் குகையைத் தரிசிக்க விரும்பினார். சீடர் நிவேதிதாவும் உடன் சென்றார்.

குகை ஏறத்தாழ 12,700 அடி உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் சேறும், குளிர்காலத்தில் பனியும் வழியை மூடிவிடும். கோடையில் பனி உருகும் சில வாரங்களில்தான் போக முடியும். குகைக்குள் சொட்டும் நீர் உறைந்து லிங்க வடிவாக நிற்கிறது.

பகல்காமில் இருந்து சுமார் 30 மைல். முதலில் பைன் மரக்காடு. மேலே போனால் மரமே இல்லை. பச்சைப் புல்வெளியும், சிறு பூக்களும், அவற்றை ஒட்டி உறைபனியும்தான். மணலையும் பனை மரத்தையும் பார்த்துப் பழகிய நம் கரையோர மக்களுக்கு அது வேறு உலகம். அங்கே காற்று மெலிந்திருக்கும்; பத்து அடி நடந்தாலே மூச்சு வாங்கும்.

சுவாமிக்கு அப்போது வயது 35. உடல் ஏற்கனவே தளர்ந்திருந்தது. ஆனாலும் ஒருவேளை மட்டுமே உண்டார். பஞ்சதரணியில் உறையும் குளிரில் ஐந்து ஓடைகளிலும் நீராடினார்.

ஆகஸ்டு 2-ந் தேதி, திருநீறு பூசி, கோவணத்துடன் குகைக்குள் நுழைந்தார். பனிலிங்கத்தைக் கண்டு மெய்மறந்தார். மயங்கி விழாமல் சமாளித்து வெளியே வந்தார்.

பின்னர் வைத்தியர் சோதித்தார். அன்றே நின்றிருக்க வேண்டிய இருதயம், நிற்காமல் வீங்கிவிட்டது என்று கூறினார்.

மீண்டும் பனியில்

அதற்குப் பிறகும் அவர் ஓயவில்லை. 1900-ம் ஆண்டு அக்டோபரில், இமயமலை மாயாவதி ஆசிரமத்தை நிறுவ உதவிய இங்கிலாந்துச் சீடர் கேப்டன் சேவியர் காலமானார். டிசம்பரில் வெளிநாட்டில் இருந்து திரும்பிய சுவாமி, அவர் மனைவிக்கு ஆறுதல் சொல்லப் புறப்பட்டார்.

கடுங்குளிர். காத்கோதாமில் இருந்து சுமார் 65 மைல் மலைப்பாதை. நடுவழியில் பனி கொட்டியது. புத்தாண்டு இரவை வழியோரக் கடை ஒன்றில் கழித்தார். 1901 ஜனவரி 3-ந் தேதி மாயாவதி சேர்ந்தார்.

முதல் பயணம் சிவனைக் காண. இரண்டாவது பயணம், துயரத்தில் இருந்த ஒருவரின் கண்ணீர் துடைக்க. ராமேசுவரத்தில் சொன்னதை அவர் வாழ்ந்து காட்டினார்.

1902 ஜூலை 4-ந் தேதி பேலூர் மடத்தில் சுவாமி காலமானார். வயது 39. அடுத்த ஆண்டு பாஸ்கர சேதுபதியும் மறைந்தார்.