ஆனந்தர் பெற்ற ஆசனம்

உடன் வேலைக்குச் சேர்ந்தோர் மேஸ்திரிகளாகிவிட்டனர். யாம் மட்டும் தறியடியிலேயே நிற்கின்றோம் என்று உள்ளம் குமைவோர் நம்மிடம் வருவதுண்டு. அவர்கட்கு நாம் எடுத்துரைப்பது ஆனந்த தேரரின் வரலாறேயாம்.

ஆனந்தர் பகவான் புத்தரின் தாயாதி. பத்தியர், அநுருத்தர், நாவிதராயிருந்த உபாலி முதலியோருடன் ஒருங்கே துறவு பூண்டார். பத்தியர் அம்மழைக்காலத்திலேயே அரகந்தராயினார். ஆனந்தரோ முதற்படியோடு நின்றார். எனினும் சோர்ந்துவிடவில்லை. பின்னாளில் 25 ஆண்டுகள் பகவானுக்குப் பணிவிடை செய்து, அறவுரைகளை நெஞ்சில் பதித்து வந்தார்.

குசிநகரில் பகவானின் இறுதி நெருங்கியபோது, தாம் இன்னும் கரையேறவில்லையே என்று கதவைப் பற்றி நின்று அழுதார்.

பின்னர் இராசகிருகத்தில் சங்கம் கூடிற்று. மகாகாசியபர் தேர்ந்தெடுத்த 499 பேரும் அரகந்தர். அநுருத்தரும் உபாலியும் அவருள் அடங்குவர். ஆயினும் ஆனந்தரின் நினைவாற்றலின்றி அறவுரைகளைத் தொகுத்தல் அரிது. ஆதலின் அவர்க்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்பட்டது.

முதல்நாள் இரவு முழுதும் அவர் முயன்றார், பயனில்லை. விடியும் வேளையில் சற்றே படுக்கச் சாய்ந்தார். தலை தலையணையைத் தீண்டுமுன் மனம் விடுதலை பெற்றதென்று பாலி நூல்கள் பகரும். அன்று அவர் 500-ஆவது அரகந்தராய் அமர்ந்து அறவுரைகளை ஓதினார்.

அன்பர்களே! பத்தியருக்கு ஒரு மழைக்காலம் போதியதாயிற்று. ஆனந்தருக்கோ ஆயுளின் பெரும்பகுதி வேண்டியிருந்தது. ஆயினும் அவர் பணிவிடையிற் கழித்த ஆண்டுகள் வீண்போகவில்லை. அவ்வாண்டுகளிற் கேட்டவற்றையே அன்று சங்கம் அவரிடம் வேண்டி நின்றது.