வர்ஜீனியா கில்டர்ஸ்லீவ் அம்மையார்

1945-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோ நகரில் ஐம்பது நாடுகளின் பிரதிநிதிகள் கூடி ஐக்கிய நாடுகளின் சாசனத்தில் கையொப்பமிட்டனர். அன்று இந்தியாவின் சார்பில் கையொப்பமிட்ட இருவரும் தமிழர்கள். ஒருவர் ஆர்க்காடு இராமசாமி முதலியார்; மற்றவர் வி. டி. கிருஷ்ணமாச்சாரியார். இச்செய்தியை நம்மவர் சிலரேனும் கேட்டிருப்பர். அதே சாசனத்தில் நான்கு பெண்மணிகளின் கையொப்பங்களும் உள்ளன என்பதை அறிந்தோர் அதனினும் குறைவு. பிரேசிலின் பெர்த்தா லுட்ஸ், டொமினிக்கன் குடியரசின் மினர்வா பெர்னார்டினோ, சீனத்தின் ஊ யி-பாங், அமெரிக்காவின் வர்ஜீனியா கில்டர்ஸ்லீவ் என்பார் அந்நால்வர்.

இவர்களுள் இறுதியில் குறித்த அம்மையார் தேர்தலில் நின்றவரல்லர், அமைச்சரின் மனைவியுமல்லர். ஒரு மகளிர் கல்லூரியின் தலைவியாக இருந்தவர். கல்லூரிப் பெண்கள் உலக விவகாரங்களில் பங்கு கொள்வதற்கு வேண்டிய வழிகளை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்ததே அவருடைய வாழ்நாட் பணி. பெண் குழந்தைகளைப் படிக்க வைத்து, அடுத்து என்ன என்று எண்ணிக்கொண்டிருக்கும் நம் குடும்பத்தார்க்கு அவருடைய வரலாறு பயன்படும் எனக் கருதி இங்கே எழுதுகின்றேன்.

வர்ஜீனியா 1877-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் நீதிபதி, வசதி மிக்க குடும்பம். ஆயினும் அக்காலத்தில் வசதியால் மட்டும் ஒரு பெண் உயர்கல்வி பெற்றுவிட இயலாது. அந்நகரின் பெருமைமிக்க கொலம்பியாக் கல்விக்கூடம் ஆடவர்க்கே உரியதாயிருந்தது. பெண்களையும் சேர்க்க வேண்டுமென அதன் தலைவர் பார்னார்டு என்பவரே வாதாடியும் பயன் விளையவில்லை. முடிவில் 1889-இல், அவர் பெயரால், பெண்களுக்கெனத் தனிக் கல்லூரி ஒன்று தொடங்கப்பெற்றது. அந்தப் பார்னார்டு கல்லூரியிற் சேர்ந்த வர்ஜீனியா, 1899-இல் தம் வகுப்பில் முதல்வராகத் தேறினார். மறு ஆண்டு வரலாற்றில் எம்.ஏ. பட்டமும், 1908-இல் ஆங்கில இலக்கியத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்து நாடகங்களை அரசாங்கம் எவ்வாறு கட்டுப்படுத்தியது என்பது அவருடைய ஆராய்ச்சிப் பொருள்.

தாம் பயின்ற கல்லூரியிலேயே ஆசிரியராய் அமர்ந்த அவர், 1911-இல், முப்பத்து மூன்றாம் வயதில், அதன் டீன் ஆனார். 1947 வரை முப்பத்தாறு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார்.

பதவி ஏற்றதும் அவர் கண்டது இது: பெண்கள் பட்டம் பெறுகின்றனர், ஆனால் பட்டத்துக்கு அப்பால் செல்ல வழியில்லை. மருத்துவம் பயில விரும்பினால் கொலம்பியாவின் மருத்துவக் கல்லூரிக் கதவு அடைத்திருந்தது. சட்டக் கல்லூரிக் கதவும் அவ்வாறே. அம்மையார் ஊர்வலம் நடத்தவில்லை. மேடையேறி முழங்கவும் இல்லை. பல்கலைக்கழகத்தின் பெரியோர்களோடு ஆண்டுக்கணக்கிற் பொறுமையாகப் பேசினார். தகுதி மிக்க மாணவி ஒருத்தியை முன்னிறுத்தி, இவளை மறுப்பதற்குக் காரணம் யாது எனக் கேட்டார். இட வசதிக்குப் பொருள் வேண்டும் என்றபோது பொருளுக்கும் வழி தேடினார். 1917-இல் மருத்துவக் கல்லூரி பெண்களை ஏற்றது. அவ்வாண்டு சேர்ந்த பெண்களுள் பார்னார்டு கல்லூரியிலிருந்து சென்ற ஒருத்தி, 1921-இல் ஆடவர் அனைவரையும் விஞ்சி முதலிடம் பெற்றுத் தேறினாள். 1927-இல் சட்டக் கல்லூரியும் திறந்தது. 1930-களின் தொடக்கத்திலேயே, தம் கல்லூரி ஆசிரியைகளுக்குப் பிரசவ காலத்தில் சம்பளத்தோடு விடுமுறை அளிக்க ஏற்பாடு செய்தார். மணமாயிற்று, மகப்பேறு வந்தது என்பதனால் கற்றவளின் தொழில் முடிந்துவிடலாகாது என்பது அவர் கொள்கை. தாம் மணம் புரியாமலே வாழ்ந்தவர் அவர் என்பதும் நினைக்கத்தக்கது.

கல்லூரிச் சுவர்களுக்குள் இருந்த இப்பணி கடல் கடந்து விரிந்தது முதல் உலகப் போரின் முடிவில். 1918-இல் பிரிட்டனிலிருந்து கல்வித் தூதுக்குழு ஒன்று அமெரிக்கா வந்தது. அதில் இரு பெண்மணிகள் இடம்பெற்றிருந்தனர். ஒருவர் ஷேக்ஸ்பியர் ஆராய்ச்சியாற் புகழ் பெற்ற பேராசிரியை காரலைன் ஸ்பர்ஜன். மற்றவர் வரலாற்று விரிவுரையாளர் ரோஸ் சிட்ஜ்விக். இவர்களோடு கில்டர்ஸ்லீவ் அம்மையார் உரையாடியபோது எழுந்த எண்ணமே பல்கலைக்கழக மகளிரின் அனைத்துலகச் சம்மேளனம். பல நாட்டுக் கற்ற பெண்கள் ஒருவரையொருவர் அறிந்து நட்புக் கொண்டால், நாடுகளிடையே பகை வளர்வது அருமையாகும் என அவர்கள் நம்பினர். எண்ணம் உருவான சிறிது காலத்திலேயே துயரம் ஒன்று நேர்ந்தது. அவ்வாண்டு உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சலுக்கு ரோஸ் சிட்ஜ்விக் நியூயார்க்கில், டிசம்பர் மாத இறுதியில், இரையானார். தோழியர் இருவரும் தளரவில்லை. 1919-இல் சம்மேளனம் தோன்றியது. 1920-இல் இலண்டனில் முதல் மாநாடு கூடியது. சிட்ஜ்விக் நினைவாக ஒரு கல்வி உதவித் தொகையும் ஏற்பட்டது. ஸ்பர்ஜன் அம்மையார் முதல் தலைவரானார். கில்டர்ஸ்லீவ் அம்மையார் 1924 முதல் 1926 வரையும், மீண்டும் 1936 முதல் 1939 வரையும் தலைமை தாங்கினார்.

இச்சம்மேளனம் செய்த காரியங்களுள் இரண்டு நம் கவனத்துக்கு உரியவை. ஒன்று, வேற்று நாடு சென்று ஆராய்ச்சி செய்யும் பெண்களுக்குப் பொருளுதவி. மற்றொன்று, அவர்கள் தங்குவதற்கு வீடு. பாரிஸ் நகரில் ரீட் ஹால் என்னும் மாளிகை 1922 முதல் பல்கலைக்கழகப் பெண்களின் இல்லமாயிற்று; எலிசபெத் மில்ஸ் ரீட் என்னும் சீமாட்டி அதனை அளித்து உதவினார். இலண்டனில் பிரிட்டிஷ் மகளிர் நிதி திரட்டி, கிராஸ்பி ஹால் என்னும் பழைய மண்டபத்தை ஒட்டி விடுதி எழுப்பி, 1927-இல் திறந்தனர்.

தங்க இடம் தருவது ஒரு பெரிய காரியமா எனச் சிலர் கேட்கலாம். நம்மவர் அவ்வாறு கேட்கமாட்டார். வேலையின் பொருட்டுப் பெட்டியும் படுக்கையுமாக மொழி தெரியாத ஊரில் வந்து இறங்கியவர்க்கு, முதல் இரவு ஓர் அறையும், மறுநாட் காலை ஒரு வாய்க் காப்பியும், இன்னாரைப் போய்ப் பாருங்கள் என்று சொல்ல ஒரு நல்ல மனிதரும் எத்துணை உதவி என்பதை நம் மூத்தோர் அறிவர். ஊர்தோறும் தமிழ்ச் சங்கங்கள் தோன்றிய காரணங்களுள் அதுவும் ஒன்றன்றோ? தனித்துச் செல்லும் பெண்ணுக்கோ இது பன்மடங்கு இன்றியமையாதது. அறிவு இருந்தும், பாதுகாப்பான இடம் இல்லையே என்று பெற்றோர் தடுத்த பெண்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ரீட் ஹாலிலும் கிராஸ்பி ஹாலிலும் தங்கிய பெண்கள், வேற்று நாட்டவரோடு ஒரே மேசையில் உண்டு பேசிப் பழகினர். உலக விவகாரப் பயிற்சி நூலகத்தில் மட்டுமன்றி அம்மேசையிலும் நடைபெற்றது.

1930-களில் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி ஏற்பட்டு, யூதர்கள் என்பதற்காகவே கற்ற பெண்கள் பதவியிழந்து நாடிழந்தபோது, சம்மேளனம் அவர்களுக்குப் புகலிடமும் பொருளும் தேடிக் கொடுத்தது. அம்மையார் இரண்டாம் முறை தலைமை தாங்கிய காலமும் அதுவே. இரண்டாம் போர் மூண்டபின், அமெரிக்கக் கடற்படை 1942-இல் பெண்களுக்கெனப் பிரிவு ஒன்றை அமைத்தது; அதன் ஆலோசனைக் குழுவுக்கும் அவரே தலைவரானார்.

1945 பிப்ரவரியில், சான்பிரான்சிஸ்கோ மாநாட்டுக்குச் செல்லும் அமெரிக்கக் குழுவில் அதிபர் ரூஸ்வெல்ட் அவரை நியமித்தார். குழுவில் பெண் அவர் ஒருவரே. மாநாடு தொடங்கும் முன்பே, ஏப்ரல் 12-இல், அதிபர் காலமானார். ஆயினும் மாநாடு குறித்தபடி ஏப்ரல் 25-இல் கூடியது. அம்மையார்க்கு ஒதுக்கப்பட்டது பொருளாதார, சமூக ஒத்துழைப்புக்கான குழு. அக்குழுவின் தலைமைப் பீடத்தில் அமர்ந்தவர் நம் இராமசாமி முதலியாரே. வாழ்க்கைத் தரம் உயர்த்தல், எல்லார்க்கும் வேலை, மனித உரிமைகளுக்கு மதிப்பு ஆகியவை சாசனத்தின் நோக்கங்களாக எழுதப்பெற்றதில் அக்குழுவின் உழைப்பு பெரிது. மனித உரிமைக்கென ஓர் ஆணையம் அமைய வேண்டும் என்பதில் அம்மையார் உறுதியாக நின்றார். சாசனம் அரசுகளின் பெயரால் அன்றி, மக்களின் பெயரால் தொடங்க வேண்டும் என வாதாடியவர்களுள்ளும் அவர் ஒருவர்.

ஆயினும் அம்மாநாட்டில் அவர் கொண்ட நிலை ஒன்றை மறைத்தல் தகாது. ஐக்கிய நாடுகளின் அமைப்புகளில் ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கு பெறலாம் என்று சாசனத்திலேயே எழுத வேண்டும் என லுட்ஸ், பெர்னார்டினோ முதலியோர் போராடினர். கில்டர்ஸ்லீவ் அம்மையார் அவர்களோடு சேரவில்லை. பெண் தன் தகுதியைக் காட்டினாற் போதும். தனியே எழுதி வைப்பதும், தனி ஆணையம் கேட்பதும் பெண்களைப் பிரித்து நிறுத்துவதாகும் என்பது அவர் கருத்து. முப்பது ஆண்டுகளாகத் தகுதியைக் காட்டியே கதவுகளைத் திறந்தவர் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. இறுதியில் லுட்ஸ் முதலியோர் வென்றனர். சாசனத்தின் எட்டாம் பிரிவில் அச்சமத்துவம் எழுதப்பெற்றது. 1946-இல் பெண்கள் நிலை பற்றிய ஆணையமும் அமைந்தது.

எது சரி என்பதைப் பின்வந்த காலம் காட்டிற்று. சென்னையிற் பயின்ற குடகு நாட்டு முத்தம்மா 1949-இல் இந்திய வெளிநாட்டுப் பணியிற் சேர்ந்த முதற் பெண்மணியானார். அவருடைய தகுதியிற் குறையில்லை. ஆயினும் மணம் புரிந்தால் பதவி விலகுவதாகப் பெண்கள் எழுதித்தர வேண்டும் என்ற நிபந்தனை அப்போது இருந்தது. பதவி உயர்வில் தமக்கு அநீதி நேர்ந்தது என அவர் உச்சநீதிமன்றத்தை நாடினார்; நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 1979-இல் அத்தகைய விதிகளைக் கண்டித்து, அவற்றைச் சீர்திருத்துமாறு அரசுக்கு அறிவுறுத்தினார். சமத்துவத்தை எழுதி வைத்த அரசியலமைப்பு இருந்தமையாலன்றோ அவ்வழக்கு நின்றது! தகுதி கதவு வரையில் கொண்டு செல்லும். எழுதிய விதியே கதவை மீண்டும் சாத்தாமற் காக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. நாடிழந்த யூதப் பெண்களுக்கு உதவிய அவருடைய காலத்திலேயே, பார்னார்டு கல்லூரியின் சேர்க்கை முறை நியூயார்க் நகரத்து யூத மாணவியரின் எண்ணிக்கையைக் குறைக்கும் வகையில் அமைந்திருந்தது என வரலாற்றாசிரியர்கள் எடுத்துக் காட்டியுள்ளனர். பிறர் அடைத்த கதவைத் திறப்பவர்க்கும், தம் வீட்டுக் கதவு அடைத்திருப்பது கண்ணிற்படாமற் போகலாம். பெரியோர் வரலாற்றைப் படிக்கையில் இதனையும் கற்றல் வேண்டும்.

1946-இல் ஜப்பானின் கல்வி முறையைச் சீரமைக்க ஆலோசனை கூறச் சென்ற அமெரிக்கக் குழுவில் அவர் இருந்தார். மறு ஆண்டு ஓய்வு பெற்றார். 1954-இல் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1965-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள், எண்பத்தேழாம் வயதில் மறைந்தார். 1969-இல் அவர் பெயரால் ஓர் அறநிதி ஏற்பட்டு, வளரும் நாடுகளின் பெண்களுக்கு உதவலாயிற்று. அவர் வற்புறுத்திய மனித உரிமை ஆணையத்தில் நம் நாட்டு ஹன்சா மேத்தா அமர்ந்தார். 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதற் பிரிவு ஆடவரை மட்டும் குறிக்கும் சொல்லை விட்டு, மாந்தர் அனைவரையும் குறிக்கும் சொல்லால் அமைந்தது அவர் முயற்சியால். ஒருவர் திறந்த வழியில் மற்றொருவர் நடந்து, வழியை மேலும் அகலமாக்குவது இவ்வாறுதான்.

நம் குடியிருப்பில் இன்று பட்டம் பெற்ற பெண்கள் பலர். வெளிநாட்டுப் பணிக்கும் உலக மன்றங்களுக்கும் செல்ல அவர்களுள் ஒருத்தி விரும்பக்கூடும். அவளை வாழ்த்துவதோடு நில்லாமல், தேர்வுக்குப் படிக்க ஓர் அறை, நூல் வாங்கச் சிறு தொகை, வழி சொல்ல அனுபவமுள்ள ஒருவர் ஆகிய மூன்றையும் நாம் ஏற்பாடு செய்து தருவோமாயின், அதுவே இவ்வம்மையார்க்கு நாம் செய்யும் நினைவாகும். அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது, அத்தகைய ஒரு பெண்ணின் பெயரை நம் சங்கம் பெருமையோடு அச்சிடும் நிலை வருக!