கண் போன பிறகும் நூல் எழுதிய திரு.வி.க.

சென்னை ராயப்பேட்டையில் ஒரு வீடு. அங்கே முதியவர் ஒருவர் படுக்கையில் கிடந்தார். அவருக்குக் கண் தெரியாது. ஆனாலும் அவர் பாட்டுப் பாட்டாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர் அதை எழுதிக்கொண்டார்.

அந்த முதியவர்தான் தமிழ்த்தென்றல் திரு.வி.கலியாணசுந்தரனார்.

பரீட்சை போயிற்று

செங்கற்பட்டு மாவட்டத்தில் துள்ளம் என்ற சிற்றூரில் 1883-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந்தேதி திரு.வி.க. பிறந்தார். ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்தார். யாழ்ப்பாணம் கதிரைவேற்பிள்ளை அவருக்குத் தமிழ் ஆசிரியர். ஆசிரியர் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போனதால், பள்ளி இறுதிப் பரீட்சையை அவரால் எழுத முடியவில்லை. பள்ளிப் படிப்பு அத்துடன் நின்றது. தமிழ்ப் படிப்பு நிற்கவில்லை.

ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கராக இருந்தார். பிறகு பள்ளி ஆசிரியர் ஆனார். 1917-ல் அதையும் விட்டு, "தேசபக்தன்" நாளிதழின் ஆசிரியர் ஆனார்.

அந்தக் காலத்தில் அரசியல் என்றால் ஆங்கிலம்தான். அதை நல்ல தமிழில் எழுதலாம், மேடையில் பேசலாம் என்று காட்டியவர் திரு.வி.க. 1920-ல் "நவசக்தி" வார இதழைத் தொடங்கினார். பின்னாளில் புகழ்பெற்ற கல்கி, இளம் வயதில் அங்கே உதவி ஆசிரியராக வேலை பார்த்தார்.

வீட்டில் தனிமை

1912-ல் கமலாம்பிகையை மணந்தார். பிறந்த இரண்டு குழந்தைகளும் இறந்தன. 1918-ல் மனைவியும் காலமானார். திரு.வி.க. மறுமணம் செய்துகொள்ளவில்லை. "பெண்ணின் பெருமை" என்ற நூலை எழுதினார்.

அதே 1918-ல்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஆலைத் தொழிலாளரின் துன்பத்தைத் தம் துன்பமாகவே அவர் கருதினார். 1947-ல் ஆலை வேலைநிறுத்தம் நடந்தபோது அரசாங்கம் அவரை வீட்டுக் காவலில் வைத்தது. அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டியிருந்தது.

இருளில் ஒளி

1944-ல் தம் வாழ்க்கைக் குறிப்புகளைப் பெரிய நூலாக வெளியிட்டார். விடுதலைப் போராட்டம், பத்திரிகை, தொழிலாளர் இயக்கம் எல்லாம் அதில் உண்டு.

அதன்பின் பார்வை மங்கியது. பிறகு முற்றிலும் போயிற்று. ஆயிரக்கணக்கான பக்கங்கள் படித்தவர், எழுதியவர். இனி ஒரு வரி படிக்கவும் பிறர் துணை வேண்டும். பிள்ளை இல்லை, மனைவி இல்லை, சொத்தும் சேர்க்கவில்லை.

வேறொருவராக இருந்தால் முடங்கியிருப்பார். திரு.வி.க. சொல்லச் சொல்ல அன்பர்கள் எழுதினார்கள். 1950-ல் வந்த ஒரு நூலுக்கு "இருளில் ஒளி" என்று பெயர். 1951-ல் வந்த ஒன்றுக்கு "முதுமை உளறல்". 1953-ல் வந்ததற்குப் "படுக்கைப் பிதற்றல்". தம் நிலையைத் தாமே கேலி செய்துகொண்டு பெயர் வைத்தார். உள்ளே இருந்ததோ உளறல் அல்ல. வாழ்நாளெல்லாம் சிந்தித்ததன் சாரம்.

அதே 1953-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந்தேதி அவர் காலமானார்.

ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தை அடுத்த திருப்பத்தூரில் வளர்ந்து, அங்கேயே தமிழாசிரியராக இருந்தவர் டாக்டர் மு.வரதராசனார். அவர் திரு.வி.க.வைத் தம் வழிகாட்டியாகக் கொண்டவர். காந்தி, தாகூர், பெர்னார்டு ஷா ஆகியோரின் வரலாற்றை எழுதிய மு.வ., திரு.வி.க.வின் வரலாற்றையும் ஒரு நூலாக எழுதினார். கடைசிக் காலத்தில் பிறர் கையால் எழுதியவரின் வாழ்க்கை, அப்படி இன்னொருவர் கையால் நூலாயிற்று.