பட்டம் வாங்காத ஒரு படிப்பாளி

பட்டதாரிகள் கூடும் விழா மலரில், பட்டமே வாங்காத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பிரிட்டனின் சுகாதார அமைச்சராக இருந்த அனைரின் பெவன்.

1897-இல் வேல்ஸில் ட்ரெடீகர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பள்ளிக்கூடத்தில் பெவனுக்கு நல்ல பேர் கிடையாது. போதாக்குறைக்குத் திக்குவாய் வேறு. 13 வயசில் படிப்பை விட்டுவிட்டுச் சுரங்கத்தில் இறங்கினார்.

அந்த ஊர்த் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு ஒரு நூலகம் நடத்தி வந்தார்கள். வேலை முடிந்து வந்த பெவன் அங்கே புத்தகங்களை ஒரு கை பார்த்தார். நாக்கு இடறும் சொல் வந்தால் அதற்குப் பதில் வேறு சொல் வேண்டுமே! அதற்காகவே அகராதியைப் புரட்டிப் புரட்டிச் சொல்வளம் சேர்த்தார். பின்னாளில் பாராளுமன்றத்தின் மிகச் சிறந்த பேச்சாளர்களில் ஒருவர் என்று பெயர் எடுத்தார்.

1919-இல் சுரங்கத் தொழிலாளர் சங்கம் உதவித்தொகை கொடுத்து அவரை லண்டன் சென்ட்ரல் லேபர் காலேஜுக்கு அனுப்பியது. இரண்டு வருஷம் படித்துத் திரும்பினால் ஊரில் வேலை இல்லை. 1925-இல் அப்பா நிலக்கரித் தூசியால் வந்த நுரையீரல் நோயில் இறந்தார்.

ட்ரெடீகரில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. தொழிலாளர்கள் சம்பளத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுநிதியில் போடுவார்கள். குடும்பத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் டாக்டர், மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் அதிலிருந்தே. பெவன் இதைக் கூடவே இருந்து பார்த்தவர்.

1929-இல் எப்பு வேல் தொகுதியின் எம்.பி. ஆனார். 1945-இல் அட்லியின் மந்திரிசபையில் சுகாதாரத்துறை கிடைத்ததும், தன் ஊரில் பார்த்ததை நாடு முழுமைக்கும் கொண்டுபோகத் துணிந்தார். செலவுக்கு முக்கியமாக வரிப்பணம். டாக்டர்கள் சங்கம் கடுமையாக எதிர்த்தது. ஸ்பெஷலிஸ்டுகள் தனியாகவும் நோயாளிகளைப் பார்க்கலாம் என்று விட்டுக்கொடுத்தார். ஆனால் இலவச வைத்தியம் என்ற அடிப்படையை விடவில்லை. 1948 ஜூலை 5-இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. 1951-இல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வாங்க அரசு முடிவு செய்ததும், மந்திரி பதவியையே ராஜினாமா செய்தார். 1960-இல் காலமானார்.

அவர் மனைவி ஜென்னி லீயும் அரசியல்வாதிதான். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்க வழி செய்யும் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் பிரிட்டனில் உருவானதில் அமைச்சராக அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. நாம் கட்டின ஃபீஸில் மட்டுமா நம் காலேஜின் லேபும் லைப்ரரியும் ஓடின? நமக்குப் பேர் தெரியாத எத்தனையோ பேர் கொடுத்த காசும் அதில் இருக்கிறது. பெவனுக்கும் அப்படித்தான் படிப்பு கிடைத்தது. யார் காசில் படித்தோம் என்பதை அவர் மந்திரி ஆன பிறகும் மறக்கவில்லை. நல்ல சம்பளம் வாங்கும் நாமும் மறக்க வேண்டாமே!